பாட்டில் நிறைய, ரேடியேட்டர் காலி: டெக்ஸ்-கூல் விவகாரம், ஒரு நிகழ்வு ஆய்வு

1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் செவர்லே பிளேசர், எஸ்-10 பிக்கப், ஜிஎம்சி ஜிம்மி ஓட்டியவர்களில் பலர் கிட்டத்தட்ட ஒரே புகாரோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்கள். குளிர்காலத்தில் ஹீட்டரைப் போட்டால் சூடான காற்று வருவதில்லை. மற்றபடி வண்டிக்கு ஒன்றும் இல்லை. டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறது. பானெட்டைத் திறந்தால் ரிசர்வ் பாட்டிலில் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், கோடு வரை இருக்கிறது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றினால்தான் விஷயம் தெரியும். மூடியின் அடிப்பக்கம், ஸ்பிரிங், ரப்பர் வளையம் எல்லாவற்றிலும் குழைத்த செம்மண்ணை அப்பியது போல ஒரு பழுப்புச் சேறு. அதைத் துடைத்துவிட்டு ரேடியேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்தால் ஆரஞ்சு நிறக் கூலன்ட் கண்ணிலேயே படாது. மட்டம் கீழே போயிருக்கும், மேல் வரிசைக் குழாய்களின் வாயில் அதே சேறு காய்ந்து ஒட்டியிருக்கும்.

இந்தப் புகார்களும் இவற்றோடு சேர்ந்து கிளம்பிய கேஸ்கெட் (எஞ்சின் பாகங்கள் சேரும் இடத்தில் ஒழுகாமல் வைக்கும் அடைப்பு) ஒழுகல் புகார்களும்தான் பிற்பாடு அந்த ஆரஞ்சுக் கூலன்ட்டின் பெயரால் டெக்ஸ்-கூல் விவகாரம் என்று பேர் வாங்கி, கோர்ட் வரை போயின. கார் வட்டாரத்தில் இன்றும் இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. கூலன்ட்டே விஷம் என்பது ஒரு கட்சி. கூலன்ட் நல்லதுதான், வண்டிக்காரன் கவனிக்கவில்லை என்பது இன்னொன்று. இரண்டுமே பாதியில் நின்றுவிடுகின்றன. மூடியும் பாட்டிலும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தால்தான் மீதிப் பாதி தெரியவரும்.

அந்தக் கூலன்ட் என்ன புதுமை

அதுவரை அமெரிக்க வண்டிகளில் ஓடியது பச்சைக் கூலன்ட். எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும்தான் அடிப்படை. துருப்பிடிக்காமல் இருக்க சிலிகேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் கலந்திருக்கும். உள்ளே ஊற்றியதும் சிலிகேட் அலுமினியத்தின் மேல் வேகமாக ஒரு படலம் போட்டுவிடும். வேகமாகப் போடுவதாலேயே வேகமாகத் தீர்ந்தும் போகும். அதனால் இரண்டு ஆண்டு அல்லது 30,000 மைலுக்கு ஒரு தடவை வடித்து மாற்ற வேண்டும் என்பது வழக்கமாக இருந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1995-இல் தன் புது வண்டிகளுக்கு டெக்ஸ்-கூலைக் கொண்டுவந்தது. டெக்ஸகோ நிறுவனத்தின் தொழில்நுட்பம், நிறம் ஆரஞ்சு. கிளைகால் அதே கிளைகால்தான். உப்புகளுக்குப் பதில் ஆர்கானிக் ஆசிடுகள், முக்கியமாக 2-எத்தில்ஹெக்ஸனாயிக் ஆசிடும் செபாசிக் ஆசிடும். இவை உலோகம் முழுவதும் படலம் போடுவதில்லை. அரிப்பு தொடங்கும் புள்ளியில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும். ஆசிட் மெதுவாகத்தான் தீரும், ஆகவே ஆயுள் நீளம். முதலில் 5 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்றார்கள், பிறகு அதை 1,50,000 மைல் ஆக்கினார்கள், கிட்டத்தட்ட 2,40,000 கிலோமீட்டர். அந்த 1,00,000 மைலே அந்தக் காலத்துக்குப் பெரிய கணக்கு.

இந்த வேதியியலில் பித்தலாட்டம் எதுவும் இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: உலோகத்தின் மேல் கூலன்ட் எப்போதும் நனைந்துகொண்டே இருக்க வேண்டும். பச்சைக் கூலன்ட் போட்ட சிலிகேட் படலம், மட்டம் கொஞ்சம் இறங்கினாலும் சில நாள் தாக்குப்பிடிக்கும். ஆர்கானிக் ஆசிடின் காவல் மெல்லியது. அது மெதுவாகத்தான் உருவாகிறது, கூலன்ட் தொடாத இடத்தில் இல்லவே இல்லை. எஸ்-10, பிளேசர் வண்டிகளில் இருந்த 4.3 லிட்டர் வி6 எஞ்சினிலோ பிளாக்கும் (எஞ்சினின் உடல்) வார்ப்பிரும்பு, ஹெட்டும் (அதன் மேல் உட்காரும் மூடிப் பாகம்) வார்ப்பிரும்பு. நனையாத இடத்தில் சூடான நீராவியும் ஆக்சிஜனும் வெறும் இரும்பைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, நனையாத இடம் எப்படி வந்தது? பாட்டில் நிறைந்துதானே இருந்தது?

மூடியின் இரண்டு வால்வுகள்

ரேடியேட்டர் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெரிய ஸ்பிரிங் அழுத்தும் ரப்பர் தட்டு ஒன்று. அதன் நடுவில் சின்னக் காசு அளவில் ஒரு உலோக வால்வு, விரல் நகத்தால் இழுத்தால் லேசாக வெளியே வந்து திரும்ப உட்காரும். இதுபோக, மூடியின் மேல் விளிம்புக்கு அடியில் இன்னொரு ரப்பர் வளையம்.

எஞ்சின் சூடாகும்போது கூலன்ட் நூற்றுக்கு நான்கைந்து பங்கு விரியும். பத்து லிட்டர் பிடிக்கும் வண்டியில் அது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அழுத்தம் ஏறி 15 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 1 பார் வந்ததும் பெரிய ஸ்பிரிங் தூக்கிக்கொடுக்க, மிஞ்சியது ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக பாட்டிலுக்குப் போகும். அந்த அழுத்தம் சும்மா இல்லை. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொதித்துவிடும். 15 பிஎஸ்ஐ மூடிக்கு அடியில் கிட்டத்தட்ட 129 டிகிரி வரை கொதிக்காது. மூடி பழுதானால் கூலன்ட்டின் தரம் என்னவாக இருந்தாலும் இந்த 20 டிகிரி கைவிட்டுப் போய்விடும்.

எஞ்சின் ஆறும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். கூலன்ட் சுருங்குகிறது, உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. நடுவில் இருக்கும் அந்தச் சின்ன வால்வு திறந்து, பாட்டிலில் இருந்து கூலன்ட்டைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும். ராத்திரி நிறுத்திய வண்டியில் காலைக்குள் இது முடிந்திருக்கும்.

இப்போது இரண்டு கோளாறுகளை நினைத்துப் பாருங்கள். முதலாவது, சின்ன வால்வின் உட்காரும் இடத்தில் துளித் துரு ஒட்டிக்கொண்டு வால்வு சரியாகத் திறக்கவில்லை. இரண்டாவது, எங்கோ ஒரு ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கிறது, அல்லது வாட்டர் பம்ப் சீல் லேசாகக் கசிகிறது, அல்லது மூடியின் மேல் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறது. சூடாக இருக்கும்போது அந்த ஓட்டை வழியாகச் சில துளி வெளியே வந்து ஆவியாகிவிடும், தரையில் ஈரம்கூடத் தெரியாது. ஆறும்போது வெற்றிடம் பாட்டிலில் இருந்து கூலன்ட்டை இழுப்பதற்குப் பதிலாக அதே ஓட்டை வழியாகக் காற்றை இழுக்கும். காற்று உள்ளே வருவது சுலபம், கூலன்ட்டைவிட அது மிக லேசானது.

இப்படித் தினமும் கொஞ்சம் கூலன்ட் வெளியே, கொஞ்சம் காற்று உள்ளே. பாட்டிலில் இருப்பது அப்படியே இருக்கும், ஏனென்றால் அதை யாரும் உறிஞ்சவில்லை. ஓட்டுபவர் பானெட்டைத் திறந்து பாட்டிலைப் பார்த்து, மட்டம் சரி என்று மூடிவிடுகிறார். உள்ளே எஞ்சினின் மேல் பகுதி, அதாவது ஹெட்டைச் சுற்றிய நீர்ப்பாதை, பாதி காற்றும் பாதி ஆவியுமாக இருக்கிறது. அங்கே இரும்பு துருப்பிடிக்கிறது. துருப்பொடி கூலன்ட்டில் கலந்து சுற்றுகிறது, மூடிக்கு அடியில் போய்த் தங்கி வால்வை இன்னும் மோசமாக்குகிறது. மோசமான வால்வு இன்னும் காற்றை விடுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் இந்தச் சுழல் தானாகவே ஓடும்.

ஹீட்டர் ஏன் முதலில் படுத்தது என்பதும் இதில் இருக்கிறது. ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். அதன் குழாய்கள் மிகக் குறுகல். சேறு முதலில் அடைப்பது அதைத்தான். ரேடியேட்டருக்கு இன்னும் நிறையக் குழாய்கள் மிச்சம் இருப்பதால் முள் ஏறாது. பனிக்காலத்து அமெரிக்காவில் ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் அடுத்த நாளே மெக்கானிக்கிடம் போய்விடுவார்கள். அந்த வகையில் அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை மணி இருந்தது.

ஜெனரல் மோட்டார்ஸே 4.3 எஞ்சினுக்காக டீலர்களுக்குத் தொழில்நுட்பக் குறிப்பு அனுப்பியது. மட்டம் குறைந்த நிலையில் ஓடுவதால் துரு சேருகிறது, அமைப்பு முழுவதையும் கழுவு, மூடியை மாற்று, மட்டத்தைச் சரியாக வை என்பதுதான் அதன் சாரம். கம்பெனி சொன்னது தப்பில்லை. ஆனால் மட்டம் குறைந்தது யார் கண்ணுக்கும் ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

கேஸ்கெட் கதை வேறு

இதோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொரு பிரச்சினை 3.1, 3.4, 3.8 லிட்டர் வி6 எஞ்சின்களின் இன்டேக் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) கேஸ்கெட். பிளாஸ்டிக் சட்டத்தில் சிலிக்கோன் சீல் ஒட்டிய கேஸ்கெட் அது. ஒழுகினால் வெளியே வரலாம், அல்லது உள்ளே எஞ்சின் ஆயிலில் கலக்கலாம். ஆயிலில் கிளைகால் கலந்தால் பேரிங் தப்பாது. ஆயில் மூடிக்கு அடியில் பால்கோவா நிறத்தில் படிந்திருப்பதைப் பார்த்தவுடன் மெக்கானிக் முகம் மாறுவது இதனால்தான்.

2-எத்தில்ஹெக்ஸனாயிக் ஆசிட் பிளாஸ்டிக்கை மென்மையாக்கிவிட்டது என்பது வழக்குப் போட்டவர்களின் வாதம். கேஸ்கெட்டின் வடிவமைப்பே பலவீனம் என்பது மறுபக்கம். பிறகு வந்த கேஸ்கெட்டுகளில் உலோகச் சட்டம் போட்டதும், அதே ஆரஞ்சுக் கூலன்ட் உள்ளே இருந்தும் ஒழுகல் அடங்கியது. இதை வைத்து நான் கேஸ்கெட் மீதுதான் அதிகப் பழியைப் போடுவேன். ஆசிடை முழுசாக விடுவிக்கவும் மாட்டேன். கிரைஸ்லரும் ஃபோர்டும் 2000-களின் தொடக்கத்தில் நீண்ட ஆயுள் கூலன்ட்டுக்கு மாறியபோது, கொஞ்சம் சிலிகேட்டும் ஆர்கானிக் ஆசிடும் கலந்த கலப்பு வகையைத்தான் எடுத்துக்கொண்டன, அதில் அந்த 2-எத்தில்ஹெக்ஸனாயிக் ஆசிட் கிடையாது.

வழக்குகள் பல மாநிலங்களில் நடந்து 2008-இல் சமரசத்தில் முடிந்தன. ரிப்பேருக்குச் செலவு செய்தவர்களுக்கு 50 முதல் 800 டாலர் வரை என்று பேசி முடித்தார்கள். டெக்ஸ்-கூல் என்ற பெயரும் ஆர்கானிக் ஆசிட் அடிப்படையும் இன்றும் அந்தக் கம்பெனி வண்டிகளில் தொடர்கின்றன. அழுத்தம் தாங்கும் தொட்டி உள்ள வண்டிகளில் அதே கூலன்ட் சொன்ன ஆண்டுகள் ஓடி, நிறம் மாறாமல் வெளியே வந்ததும் உண்டு.

என் கணக்கு

பச்சைக் கூலன்ட்டை இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றியபோது, மெக்கானிக் கூலன்ட்டை மட்டுமா மாற்றினார்? மூடியைக் கழற்றினார், வால்வைப் பார்த்தார், ஹோஸை அமுக்கிப் பார்த்தார், கிளிப்பை இறுக்கினார், காற்றை வெளியேற்றினார். கூலன்ட் மாற்றுவது என்ற பேரில் முழு அமைப்புக்கும் ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. சர்வீஸ் பில்லில் அதற்குத் தனி வரி இல்லை. 5 ஆண்டு என்று சொன்னதும் கூலன்ட்டோடு சேர்ந்து அந்தச் சோதனையும் போய்விட்டது. வேதியியல் 5 ஆண்டு தாங்கும். ஒரு ரப்பர் வளையமோ ஹோஸ் கிளிப்போ அப்படிச் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

கலப்படமும் கொஞ்சம் வேலை பார்த்தது. மட்டம் குறைந்தால் கையில் கிடைத்த பச்சையை ஊற்றினார்கள். அப்படிக் கலந்தால் 5 ஆண்டுக் கணக்கு செல்லாது, 2 ஆண்டு அல்லது 30,000 மைலுக்குள் மாற்ற வேண்டும் என்று வண்டியின் கையேட்டிலேயே இருந்தது. கலந்தவுடன் கூழாகிவிடும் என்று பரவலாகச் சொல்வார்கள். இந்த வண்டிகளில் வந்த பழுப்புச் சேற்றைப் பொறுத்தவரை அதில் பெரும்பகுதி இரும்புத் துரு.

நம் வண்டிகளுக்கு

செவர்லே விற்பனை இந்தியாவில் 2017-இல் நின்றுவிட்டது. ஆனால் இன்று நம் சாலையில் ஓடும் புது வண்டிகளின் கூலன்ட் பெரும்பாலும் ஏதோ ஒரு வகை ஆர்கானிக் ஆசிட் கூலன்ட்தான். ஜப்பான் கம்பெனிகள் அதில் பாஸ்பேட் சேர்த்துக்கொள்வார்கள், சிலிகேட்டை ஒதுக்குவார்கள். ஐரோப்பியர்கள் அங்கத்திய கடின நீரை மனதில் வைத்து பாஸ்பேட்டை ஒதுக்குவார்கள். நிறத்துக்கு எந்தச் சட்டமும் இல்லை. பச்சை, நீலம், ரோஸ் என்று அவரவர் விருப்பம். அதனால் நிறத்தைப் பார்த்து டாப்-அப் செய்யாதீர்கள், கையேட்டில் எழுதியுள்ள வகையைப் பாருங்கள்.

அடுத்தது உங்கள் வண்டி எந்த ரகம் என்று தெரிந்துகொள்வது. மாருதி, ஹூண்டாய், டொயோட்டாவின் பல மாடல்களில் மூடி ரேடியேட்டர் மேலேயே இருக்கும், பாட்டில் வெறும் சேமிப்பு. மேலே சொன்ன கதை இந்த ரகத்துக்கு அப்படியே பொருந்தும். ஃபோக்ஸ்வாகன் போலோ, ஃபோர்டு போன்றவற்றில் அழுத்தம் தாங்கும் தொட்டியே மூடியோடு இருக்கும், காற்று அங்கே பிரிந்துவிடும், தொட்டியில் தெரிவதுதான் நிஜ மட்டம். முதல் ரகம் வைத்திருப்பவர்கள் மாதத்துக்கு ஒரு தடவை, வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். கூலன்ட் கழுத்து வரை ததும்பி நிற்க வேண்டும். சூடான எஞ்சினில் இந்த வேலையே கூடாது, முகம் வெந்துவிடும்.

நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சென்னையிலோ மதுரையிலோ யார் ஹீட்டர் போடுகிறார்கள்? அமெரிக்கக்காரருக்கு அடித்த அந்த முதல் மணி நமக்கு அடிக்கவே அடிக்காது. ஹீட்டர் கோர் பாதி அடைத்திருந்தாலும் தெரியாமல், ரேடியேட்டரும் அடைத்து, கொடைக்கானல் ஏற்றத்தில் ஏசி போட்டபடி போகும்போதுதான் முள் மேலே போகும். ஆகவே இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எஞ்சின் சூடான பிறகு ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு ஹாட்டில் வைத்துப் பாருங்கள். காற்று கையைச் சுட வேண்டும். ஐட்லிங்கில் வெதுவெதுப்பு, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சூடு என்று மாறி மாறி வந்தால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது, அல்லது மட்டம் குறைவு. டேஷ்போர்டுக்குள்ளிருந்து தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டாலும் அதே அர்த்தம்.

குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம் சூடான ஹெட்டில்தான் முதலில் உப்பாகப் படியும், வெப்பம் வெளியேற வேண்டிய இடமே அதுதான். குளோரைடு அலுமினியத்தைத் துளைக்கும். பாதி வழியில் நின்றால் எந்தத் தண்ணீரையும் ஊற்றி வீடு வந்து சேருங்கள், அதில் தப்பில்லை. வந்து சேர்ந்த பிறகு அப்படியே ஓட்டுவதுதான் தப்பு. ஊற்றியதைவிட முக்கியமான வேலை, குறைந்தது எங்கே போனது என்று கண்டுபிடிப்பது. மெக்கானிக்கிடம் பிரஷர் டெஸ்டர் இருந்தால், ஆறிய எஞ்சினில் மூடி இருக்கும் இடத்தில் மாட்டி மூடியில் எழுதிய அழுத்தம் வரை பம்ப் செய்து பத்து நிமிடம் விட்டுப் பார்ப்பார். முள் இறங்கினால் ஒழுகல் உண்டு. மூடியையும் அதே கருவியில் மாட்டிச் சோதிக்கலாம்.

பழுப்பாகிவிட்ட அமைப்பை வெறும் தண்ணீர் விட்டுக் கழுவினால் துரு முழுசாகப் போகாது. இரும்புத் துருவைக் கரைக்க சிட்ரிக் அல்லது ஆக்ஸாலிக் ஆசிட் சார்ந்த கிளீனர் வேண்டும், அதன் பிறகு கட்டாயம் மிச்ச ஆசிடைச் சமன்படுத்தும் நியூட்ரலைசரும் பல தடவை தண்ணீர் அலசலும் வேண்டும். அலுமினியம் அதிகம் உள்ள எஞ்சினில் டப்பாவில் எழுதிய நேரத்தைத் தாண்டி விடக்கூடாது. ஹீட்டரை ஹாட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறக்கும்வரை ஓடவிட்டு, ஆறவிட்டு வடிப்பதுதான் ஒரு சுற்று. தெளிவாக வரும்வரை சுற்றுகள் போக வேண்டும், கடைசிச் சுற்றுக்கு பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர்.

இங்கே பலர் கோட்டைவிடும் ஒரு கணக்கு இருக்கிறது. ரேடியேட்டர் டிரெய்னைத் திறந்து வடித்தாலும் பிளாக்கிலும் ஹீட்டர் கோரிலும் தண்ணீர் தங்கிவிடும். 6 லிட்டர் பிடிக்கும் வண்டியில் 4 லிட்டர்தான் வடிந்தது என்று வையுங்கள். பாதிக்குப் பாதி கலந்த ரெடிமேட் கூலன்ட் 4 லிட்டர் ஊற்றினால் உள்ளே கிளைகால் 2 லிட்டர்தான், அதாவது மூன்றில் ஒரு பங்கு. துருத் தடுப்பானும் அதே விகிதத்தில் குறைந்திருக்கும். கழுவிய பிறகு தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட் வாங்குங்கள், மொத்தக் கொள்ளளவில் பாதியை, இந்தக் கணக்கில் 3 லிட்டரை, முதலில் ஊற்றுங்கள், மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால் விகிதம் சரிதானா என்று பார்க்கலாம். அது கிளைகால் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும், தடுப்பான் உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. ஐந்தாறு வருடக் கூலன்ட்டும் அதில் நன்றாகத்தான் காட்டும்.

வடித்த பழைய கூலன்ட்டை வாசல் சாக்கடையில் ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும், தெருநாய் நக்கிக் குடித்துவிடும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். மூடி போட்ட கேனில் ஊற்றி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுப் பாருங்கள். ஆயிலோடு கலந்து மட்டும் கொடுக்காதீர்கள், கலந்தால் இரண்டையுமே வாங்க மாட்டார்கள்.